ஊரடங்கில் நாட்கூலிக் குடும்பங்களுக்கு எவ்வாறு உதவலாம்?

கேள்வி (2020 கொரோனா ஊரடங்கின்போது கேட்கப்பட்டது): மார்ச் 20 முதல் நீடிக்கும் ஊரடங்கைக் கொழும்பின் கொட்டாஞ்சேனை, முகத்துவாரப் பகுதி நாட்கூலிக் குடும்பங்கள் எவ்வாறு சமாளிக்கின்றன? உதவ விரும்புகிறோம்.

பதில் 1: புறக்கோட்டைக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கும் நாட்டாமைகளின் வீடுகளில் அடுப்பெரிவதே பெரும்பாடாக இருக்கிறது. அரசாங்கம் வழங்கிய 5,000 ரூபாய் அரிசி, பருப்பு, பால்மா என்று விரைவில் கரைந்துவிடுகிறது. எங்கள் தோட்டத்து (நெருக்கமான வீடுகள் கொண்ட நகரக் குடியிருப்பு) பெண்கள் பணம் சேர்த்து, லொறியில் வரும் மரக்கறியை மொத்தமாக வாங்கி, தலைக்கணக்குப் பார்த்துப் பங்கிடுகிறார்கள். கேட்கக் கூசுபவர்களின் கதவில் பையைத் தொங்கவிட்டு வந்துவிடுகிறார்கள். உதவி அப்படித்தான் போய்ச்சேர வேண்டும் என்பேன்.

பதில் 2: அண்ணா சொல்வது சரி. உலருணவுடன் முதியோரின் நீரிழிவு, பிரஷர் மருந்துகளையும் தயவுசெய்து கவனியுங்கள்.

பதில் 3: மலையகத்திலிருந்து கடை வேலைக்கு வந்து, ஊர் திரும்ப வழியின்றி வாடகை அறைகளில் முடங்கியிருக்கும் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள்; இங்குள்ள கிராம சேவகரிடம் (பகுதிக்குப் பொறுப்பான அரசாங்க அலுவலர்) பதிவில்லாததால் அவர்களில் பலருக்கு நிவாரணம் எட்டவேயில்லை. முதற்பொதியை அவர்களுக்கே கொடுங்கள்.