கறிவேப்பிலைக் கொழுந்து மஞ்சளாகிறது, சாம்பல்தான் காரணமா?

தோட்டத்து மருமகள், சுங்கை சிப்புட்:
செம்பனைத் தோட்ட லயத்து வாசலில், தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்கிறேன். தோட்டமண், தேங்காய் நார்த்தூள், மாட்டுச்சாண எரு மூன்றும் சமபங்கு. நம் ஊர் மண் புளிப்பு என்று மாமியார் சொன்னதால் விறகுச் சாம்பலைத் தாராளமாகக் கொட்டினேன். இப்போது கொழுந்து மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. சோதனைத்தாள் பிஎச் (மண்ணின் புளிப்பு-கார அளவு, 7-க்கு மேல் போனால் காரம்) 8 காட்டுகிறது. உரம் போதவில்லையா?

பழைய கிராணி:
உரம் வேண்டாம், தங்கச்சி. அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும், பிஎச் இவ்வளவு ஏறினால் வேரால் அதை எடுக்க முடியாது. மாமியார் சொன்னது தரைமண்ணுக்குச் சரி. தொட்டிக்குச் சாம்பல் சிட்டிகைக் கணக்கு. பிஎச் 6 முதல் 6.5 வரை இருக்கட்டும். பாதி மண்ணை எடுத்துவிட்டுச் சாம்பல் சேராத கலவையை நிரப்புங்கள்.

மொட்டைமாடி:
கந்தகத்தூள் கொஞ்சம் தூவலாம். நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்க வாரக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும். வினிகர் மட்டும் ஊற்றாதீர்கள். நான் அவசரப்பட்டு ஊற்றி ஒரு செடியை வழியனுப்பினேன்.

தோட்டத்து மருமகள்:
பாதி மண்ணை மாற்றிவிட்டேன். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.