மலேசியத் தோட்ட ஜெபக் குழு: 16ம் தேதி முதலாவது கீமோ

[ஜூலை 13, இரவு 8:04] குழுச் செயலாளர்: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கீழ் லயத்து அக்காவுக்கு 16ம் தேதி முதலாவது கீமோ, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில. இடது மார்புல புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிஞ்சு 5 வாரம் ஆச்சு. அக்காவையும் மகளையும் கேட்டுட்டுத்தான் இங்க போடறேன், வெளியே யாருக்கும் அனுப்பாதீங்க. சுங்கை சிப்புட்ல இருக்கிற நாம என்னென்ன செய்யலாம்னு இன்னைக்கே பேசி முடிச்சிடுவோம்.

[8:09] மேல் லயத்து அத்தை: கர்த்தர் கைவிட மாட்டார். அக்காவோட சேர்ந்து எல்லாரும் 21 நாள் உபவாசம் இருப்போம். ஆகஸ்ட் மாசம் சுகமளிக்கும் கூட்டம் வருதே, அது வரைக்கும் கீமோவைத் தள்ளி வைக்க முடியாதா?

[8:15] மிஸ்ஸி (நர்ஸ்) அக்கா: அத்தை, உபவாசம் நாம இருப்போம். அக்கா இருக்கக் கூடாது. வாந்தி வராம இருக்க டெக்ஸாமெத்தசோன் மாத்திரை தருவாங்க, அதைச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் போடணும். வெறும் வயித்துல போட்டா வயிறு எரியும், குமட்டலும் கூடும். உயரம், எடையை வச்சுத்தான் கீமோ அளவையே கணக்குப் போடறாங்க, அதனால உடம்பு இளைக்க விடக் கூடாது. 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க: மீன் கஞ்சி, நல்லா வெந்த முட்டை, பருப்பு. இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) இருக்கிறவங்களுக்கு அந்த மாத்திரையால சர்க்கரை ஏறும், அளந்து பார்க்கணும்.

[8:18] மிஸ்ஸி அக்கா: தள்ளிப் போடறது வேணாம் அத்தை. ஆபரேஷனுக்கு அப்புறம் 90 நாளைத் தாண்டி கீமோ ஆரம்பிச்சா பலன் குறையுதுன்னு ஆய்வுகள்ல பார்த்திருக்காங்க. அக்கா சரியான நேரத்துல இருக்காங்க. கூட்டத்துல அவங்க பேரைச் சொல்லி ஜெபிக்கலாம், அதுக்கு அவங்க அங்க உட்கார்ந்திருக்கணும்னு இல்ல.

[8:24] போதகர் ஐயா: மிஸ்ஸி சொல்றது சரி. எசேக்கியா ராஜா அழுது ஜெபம் பண்ணினார், கர்த்தர் 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார். அதே அதிகாரத்துல, ஏசாயா 38:21, அத்திப்பழ அடையைப் பிளவையின் மேல பற்றுப் போடச் சொல்றார் தீர்க்கதரிசி. ஜெபத்தைக் கேட்ட தேவன்தான் மருந்தையும் காட்டினார். அக்காவுக்காக சாப்பாட்டை விடறது நம்ம பங்கு. புதன், வெள்ளி காலை நான் இருக்கேன். பேர் கொடுங்க.

[8:26] மேல் லயத்து அத்தை: சரிங்க ஐயா. வெள்ளி நானும் இருக்கேன்.

[8:31] மகள்: எல்லாருக்கும் நன்றி. மிஸ்ஸி ஆன்ட்டி, எந்த நாள்ல எதுக்காக ஜெபிக்கிறதுன்னு சொன்னா அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுவேன்.

[8:47] மிஸ்ஸி அக்கா: 21 நாளுக்கு ஒரு தடவை மருந்து ஏறும். 16ம் தேதி முதல் நாள்னா அடுத்தது ஆகஸ்ட் 6. ஜெபத்தையும் அந்தக் கணக்குலயே வைப்போம்.

14, 15: இரத்தப் பரிசோதனை. வெள்ளை அணு குறைவா இருந்தா ஒரு வாரம் தள்ளி வைப்பாங்க. அப்படி ஆனா "ஜெபம் கேட்கப்படலையே"ன்னு யாரும் சொல்லிடாதீங்க. அது நிறைய பேருக்கு நடக்கிறதுதான்.

16: சிவப்பு மருந்து நரம்பு வழியா ஏறும். ஊசி போட்ட இடம் எரிஞ்சாலோ வீங்கினாலோ அந்த நிமிஷமே நர்ஸைக் கூப்பிடணும். நம்ம பெண்கள் கண்ணை மூடி மனசுக்குள்ள ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டே வலியைத் தாங்கிக்குவாங்க. இந்த மருந்து நரம்புக்கு வெளியே கசிஞ்சா சதையே வெந்து போகும், தாங்கிக்கிட்டு இருக்கக் கூடாது. ஊசி வலது கையில போடச் சொல்லுங்க. இடது அக்குள்ல நெறிக்கட்டி எடுத்திருக்காங்க.

17, 18: சிறுநீர் சிவப்பா போகும், அது மருந்தோட நிறம். பயப்படாதீங்க. 2 லிட்டருக்குக் குறையாம தண்ணி குடிக்கணும், கூட ஏத்தற இன்னொரு மருந்து மூத்திரப் பையை அரிக்கும். 2 நாளைக்கு டாய்லெட்டை மூடி வச்சு ரெண்டு தடவை ஃபிளஷ் பண்ணுங்க. மூணாவது நாளும் சிவப்பா இருந்தாலோ எரிஞ்சாலோ ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்க.

22 முதல் 29 வரை: இதுதான் ஆபத்தான வாரம். வெள்ளை அணு அடிமட்டத்துல இருக்கும். நம்ம ஜெபம் இங்க கனமா இருக்கணும், வீட்டுக்குப் போறது குறைவா இருக்கணும்.

30க்கு அப்புறம்: முடி கொட்ட ஆரம்பிக்கும். தலையணையில கத்தையா கிடக்கும். முன்னாடியே குட்டையா வெட்டிக்கிட்டா மனசுக்குக் கொஞ்சம் லேசா இருக்கும்.

[8:52] மகள்: காய்ச்சல் வந்தா?

[8:58] மிஸ்ஸி அக்கா: இதை எல்லாரும் மனப்பாடம் பண்ணிக்கோங்க. தெர்மாமீட்டர்ல 38 காட்டினா உடனே எமர்ஜென்சி. பனடோல் (காய்ச்சல் மாத்திரை) கொடுத்துட்டுப் பார்ப்போம்னு இருக்காதீங்க, காய்ச்சலை அது மறைச்சிடும், உள்ள கிருமி பரவும். ராத்திரி 2 மணின்னாலும் கிளம்பணும். ஐயாவுக்குப் போன் பண்ணி வீட்டுக்கு வரச் சொல்லி, ஜெபம் முடிச்சுட்டுப் போவோம்னு காத்திருக்கவும் வேணாம். வேன்ல போகும்போதே ஜெபிக்கலாம். கவுண்டர்ல முதல் வார்த்தையே "சாயா செடாங் கீமோ, டெமாம்" (கீமோ எடுத்துக்கிட்டு இருக்கேன், காய்ச்சல்)னு மலாய்ல சொல்லி கீமோ புத்தகத்தைக் காட்டுங்க. வரிசையில நிக்க விட மாட்டாங்க.

[9:01] போதகர் ஐயா: எனக்கு மெசேஜ் மட்டும் போடுங்க. நான் நேரா எமர்ஜென்சிக்கு வந்திடுவேன்.

[9:06] மேல் லயத்து அத்தை: ஒண்ணு கேட்கணும். கீமோ எடுக்கிறவங்க ராத்திரியில தூங்காம படபடன்னு இருக்காங்களே, அது சத்துருவோட போராட்டமா?

[9:12] மிஸ்ஸி அக்கா: அந்த டெக்ஸாமெத்தசோன்தான் அத்தை. முதல் 2, 3 ராத்திரி தூக்கம் வராது, மனசு அலைபாயும். டாக்டர் சொன்ன நேரத்துல, காலையில, மதியத்துக்குள்ள போட்டா கொஞ்சம் குறையும். அதைப் போய் சத்துருன்னு சொன்னா தூங்காததோட பயமும் சேர்ந்துக்கும்.

[9:15] போதகர் ஐயா: 16, 17, 18 மூணு ராத்திரியும் 12 மணியில இருந்து 4 வரைக்கும் யாராவது முழிச்சிருப்போம், மணிக்கு ஒருத்தர். அக்கா மெசேஜ் போட்டா பதில் வரணும். நீளமா வேணாம். அந்த நேரத்துல ஒரு அதிகாரம் முழுசா படிக்க முடியாது, வரி மனசுல நிக்காது. ஒரே வசனம், குரல் பதிவா, ஒரு நிமிஷத்துக்குள்ள. அக்கா அழுதா "விசுவாசமா இருங்க"ன்னு அடக்காதீங்க. 88ம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் இருளிலேயே முடியுது, அதுவும் வேதத்துல ஜெபமாத்தான் இருக்கு. என்ன பாவம்னும் யாரும் கேட்க வேணாம். சீஷர்கள் யோவான் 9ல அதைத்தான் கேட்டாங்க, ஆண்டவர் என்ன சொன்னார்னு தெரியும்.

[9:17] வேன் அண்ணன்: நான் 2 மணி எடுத்துக்கறேன் ஐயா. நைட் ஷிஃப்ட் ஆள்களை இறக்கிட்டு அந்த நேரம் முழிச்சுத்தான் இருப்பேன்.

[9:23] பக்கத்து லயத்து சித்தி: நாங்க மாதா கோயில்காரங்கன்னாலும் குழுவுல சேர்த்திருக்கீங்க, நன்றி. 26ம் தேதி புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் பெருநாளுக்கு பஸ் போகுது. அக்காவையும் கூட்டிட்டுப் போகவா?

[9:27] மிஸ்ஸி அக்கா: அந்தத் தேதி 11வது நாள் சித்தி, நடு ஆபத்து வாரம். அவ்வளவு கூட்டத்துல ஒருத்தர் இருமினாலும் அக்கா வார்டுல படுக்க வேண்டி வரும். அவங்க பேர்ல மெழுகுவர்த்தி ஏத்திட்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்க. சந்தோஷப்படுவாங்க.

[9:28] பக்கத்து லயத்து சித்தி: கண்டிப்பா 🙏

[9:34] குழுச் செயலாளர்: வீட்டு ஜெபம், நற்கருணை, எண்ணெய் பூசுறது? யாக்கோபு 5:14 சொல்லித்தான் ரெண்டு பேர் கேட்டாங்க.

[9:42] மிஸ்ஸி அக்கா: ஒரு நேரத்துல 2 பேர், 15 நிமிஷம். சளி, இருமல் இருந்தா வர வேணாம். வீட்டுல பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தா வரவே கூடாது. உள்ள போனதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்க, மாஸ்க் போடுங்க. பொதுப் பாத்திரத்துல பானம் வேணாம், தனிச் சின்னக் கிண்ணம். வாய்ப்புண் வந்தா திராட்சை ரசம் எரியும், ஒரு துளி போதும். வாய் கொப்பளிக்க: கொதிச்சு ஆறின தண்ணி 1 லிட்டர், உப்பு 1 டீஸ்பூன், ஆப்ப சோடா 1 டீஸ்பூன். ஒரு நாளைக்கு 4 தடவை, அடுத்த நாள் புதுசா கலக்கணும்.

எண்ணெய் நெத்தியில ஒரு துளி, அவ்வளவுதான். தையல் மேலயோ மார்பு மேலயோ வேணாம். பின்னாடி ரேடியோ சிகிச்சை வரும்போது தோல்ல மையால கோடு போடுவாங்க. எண்ணெய் பட்டா அது அழிஞ்சிடும். கை வைத்து ஜெபிக்கிறவங்க முதல்ல அக்கா கிட்ட கேளுங்க. வலது கையைப் பிடிச்சுக்கிட்டாலே போதும்.

இன்னொண்ணு. ஆராதனையில கையை உயர்த்தறது அக்காவுக்கு நல்லதுதான். டியூப் எடுத்தாச்சு, இப்ப இடது கையை மேல தூக்கிப் பழகலேன்னா தோள் இறுகிடும். சுவத்துல விரலை வச்சு நண்டு மாதிரி மேல ஏத்தி, எட்டின இடத்துல பென்சில் கோடு போடுங்க. காலை ஜெபத்துல 5 தடவை, ராத்திரி 5 தடவை. வாரம் ஒரு தடவை கோடு எவ்வளவு ஏறியிருக்குன்னு பாருங்க.

[9:46] மேல் லயத்து அத்தை: பெலாலாய் காஜா மூலிகை இலை சாறு எங்க வீட்டுல நிறைய இருக்கு. டுரியான் பெலாண்டா (முள் சீத்தா) இலையும் கொடுக்கலாமே?

[9:50] மிஸ்ஸி அக்கா: கீமோ முடியற வரைக்கும் வேணாம் அத்தை. கீமோ மருந்தை உடைக்கிறது ஈரல். அதே ஈரல் இந்த இலையையும் உடைக்கணும். ஈரல் பரிசோதனை ஏறிப்போச்சுன்னா கீமோவை நிறுத்தி வைப்பாங்க. உலாம் (பச்சையா சாப்பிடற இலை, காய்), வெட்டி விக்கிற பழம், அரைவேக்காட்டு முட்டை, கடை ஐஸ் கச்சாங் இதெல்லாமும் வேணாம். அன்னைக்கு சமைச்சது அன்னைக்கே.

[9:57] மிஸ்ஸி அக்கா: பின்னாடி வரப் போற ஒண்ணையும் இப்பவே சொல்லிடறேன். எல்லாம் முடிஞ்சு சாட்சி சொல்லச் சொல்வீங்க. சாட்சி சொன்ன கையோட சிலர் மாத்திரையை நிறுத்திடறாங்க. கட்டி ஹார்மோன் வகைன்னா டாமாக்ஸிஃபென் 20 மில்லிகிராம், தினமும், 5 வருஷத்துக்குக் குறையாம, சிலருக்கு 10 வருஷம். விட்டா திரும்பி வர வாய்ப்பு கூடும். ராத்திரி ஜெபத்துக்கு உட்காரும்போது பைபிள் பக்கத்துலயே மாத்திரை டப்பாவும் இருக்கட்டும். குழுவுல யாருக்காவது மார்புல கட்டி தட்டுப்பட்டா இந்த வாரமே கிளினிக் கேசிஹாத்தான் (அரசாங்க கிளினிக்) போங்க. நம்ம நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேட்டுக் கணக்குல, 2007ல இருந்து 2011 வரைக்கும் மார்பகப் புற்றுநோயை முதல் நிலையில கண்டுபிடிச்சவங்கள்ல 5 வருஷம் தாண்டினவங்க 87.5 விழுக்காடு. நாலாம் நிலையில 23.3.

[10:03] குழுச் செயலாளர்: அக்கா குடும்பம் எஸ்டிஆர் (அரசாங்க உதவித் தொகை) வாங்குதுன்னா, அக்காவுக்கு 40 வயசும் ஆகியிருந்தா, பெகா பி40ங்கிற அரசாங்க சுகாதாரத் திட்டத்துல புற்றுநோய் சிகிச்சைக்கு 1000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும், போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரைக்கும் உண்டு. ஆஸ்பத்திரியிலேயே கேட்டு ஃபாரம் வாங்கணும். 16ம் தேதியே ஐசி (அடையாள அட்டை) நகலும் பேங்க் புத்தக நகலும் கொண்டு போங்க.

[10:06] மகள்: நகல் எடுத்து வச்சிடறேன்.

[10:10] வேன் அண்ணன்: 16ம் தேதி காலை 6:15, கீழ் லயத்து முனையில நிப்பேன். பின் சீட்டை அக்காவுக்குக் காலி பண்ணி வச்சிருக்கேன். ஒரு தலையணை, சால்வை, வாந்தி வந்தா பிளாஸ்டிக் பை நாலு எடுத்துக்கோங்க. கீமோ ரூம்ல ஏர்கோன் குளிரும்.

[10:12] போதகர் ஐயா: 6:10க்கு நானும் அங்க இருப்பேன். வேன் கதவு பக்கத்துல நின்னு ஜெபிச்சு அனுப்பிடறேன், நேரம் எடுக்க மாட்டேன். அக்கா எந்தச் சங்கீதம் கேட்கறாங்க?

[10:19] மகள்: அம்மா 23 கேட்கறாங்க ஐயா. மெதுவா படிக்கச் சொல்றாங்க.