ய′-ஐப் பொறுத்துக் குவிவு இருந்தும் சிறுமம் கிடைக்கவில்லை, ஏன்?

கேள்வி
[0, ல] இடைவெளியில் ய(த) என்ற சார்பு வேண்டும்; ∫(ய′² − ய²) சிறுமமாக, அதாவது மிகக் குறைந்த மதிப்பாக வர வேண்டும் (ய′ என்பது ய-வின் வகைக்கெழு); இரு முனையிலும் ய = 0. ய′-ஐப் பொறுத்துக் குவிவு (கிண்ணம்போல் மேல்நோக்கி வளைவு) உண்டு, வளர்ச்சி இரண்டாம் படி. டொனெல்லி தேற்றப்படி சிறுமம் இருக்க வேண்டாமா? 20 சம துண்டுகளாக வெட்டி, ∫ய²-ஐப் புள்ளி மதிப்புகளின் கூட்டலாக எடுத்தேன். ல = 3 என்றால் விடை 0. ல = 3.14 என்றால் மதிப்பு −∞ நோக்கி ஓடுகிறது. நிரலில் பிழையா?

பதில் 1
தேற்றத்துக்கு இன்னொரு நிபந்தனை உண்டு: ய எதுவானாலும் தொகையீட்டின் உள்ளே இருப்பது அ·ய′² − ஆ என்பதற்குக் கீழே போகக்கூடாது (அ > 0). உங்கள் −ய² அதை உடைக்கிறது. அதுவும் இரண்டாம் படி என்பதால் எது வெல்லும் என்பதை நீளம்தான் முடிவு செய்யும். முனைகளில் 0 என்றால் ∫ய² ≤ (ல/π)²∫ய′². ஆகவே மொத்த மதிப்பு ≥ (1 − ல²/π²)∫ய′². ல = 3-க்கு அந்தக் கெழு 0.088. நேர்மறை என்பதால் சிறுமமும் உண்டு, ய = 0 ஒன்றே விடை. ல > π ஆனால் க·சைன்(πத/ல) போட்டுப் பாருங்கள்: க²(ல/2)(π²/ல² − 1), எதிர்மறை; க-வைப் பெருக்கினால் அடியே கிடையாது.

−ய²-க்குப் பதில் −|ய|^1.5 என்றால் எந்த நீளத்துக்கும் சிறுமம் உண்டு. ஆனால் ‘விடை ஒன்றே’ என்பது போய்விடும்: சிறிய க-வுக்கு மதிப்பு 0-க்குக் கீழ் இறங்குவதால் ய = 0 விடையல்ல; ய விடையானால் −ய-யும் விடை.

பதில் 2
ல = π-ஐத் தனியாகப் பார்க்க வேண்டும். சிறுமம் 0, ஆனால் க·சைன் த எல்லாமே விடை. வலது முனையை 1 ஆக்கினால் சிறுமமே இல்லை: தகுதியான ஏதோ ஒரு ய-வுடன் க·சைன் த கூட்டினால் மதிப்பு சரியாக 2க குறைகிறது. சிறுமம் தரும் ய நிறைவு செய்ய வேண்டிய ஆய்லர்–லக்ராஞ்சி சமன்பாடு ய″ + ய = 0-க்கும் அங்கே தீர்வில்லை.

பதில் 3
நிரல் சரி, கட்டம்தான் போதவில்லை. 3.14 < π, ஆனால் கெழு வெறும் 0.001. உங்கள் முறையில் மிகச்சிறிய ஐகன் மதிப்பு (∫ய′² ÷ ∫ய²-இன் சிறுமம்; உண்மையில் π²/ல²) 0.2% குறைவாக வரும்; அதனால் எல்லை π-க்குப் பதில் 40·சைன்(π/40) = 3.1384. 40 துண்டுகளில் அது 3.1408, அப்போது 3.14 தப்பிவிடும். துண்டுதோறும் நேர்கோடு எடுத்து ∫ய²-ஐத் துல்லியமாகத் தொகையிட்டால் பிழை மறுபக்கம் சாயும்: 20 துண்டுகளில் ல = 3.143-க்கும் சிறுமம் இருப்பதுபோல் காட்டும்.