பதில் ஒன்றுக்கு 2 புள்ளி என்ற விதியை மாற்ற வேண்டும்

அரசலாறு:
நெல் விவசாயிகள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் நம் இணையக் குழுவில் பதில் எழுதும் எவருக்கும், அந்தப் பதில் எப்படி இருந்தாலும், 2 புள்ளி சேர்கிறது. மாதக் கடைசியில் அதிகப் புள்ளி உள்ளவரின் பெயர் முகப்பில் ஏறுகிறது. இதை மாற்றக் கேட்டு எழுதுகிறேன்.

சென்ற ஐப்பசியில் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, நட்டு 30 நாளான சம்பாவில் சில தூர்கள் (பயிரின் அடியிலிருந்து கிளைத்த தண்டுகள்) வெங்காயத் தாள் போல உருண்டு வெளுத்து நிற்கின்றன என்று படத்தோடு கேட்டிருந்தார். ஒரு மணி நேரத்தில் 19 பதில்கள் வந்தன: யூரியா போடுங்கள், துத்தநாகக் குறைபாடு, தண்ணீர் கட்டுங்கள், 'மேலே உள்ளவர் சொன்னதே சரி'. மறுநாள் மாலை வந்த இருபதாவது பதில்தான், அப்படிப்பட்ட தூர் ஒன்றைப் பிடுங்கி அடியில் கீறிப் பார்க்கச் சொன்னது. உள்ளே புழுவோ கூட்டுப்புழுவோ இருந்தால் அது ஆனைக்கொம்பன் என்னும் ஈயின் வேலை; 10 குத்துகளில் (சேர்த்து நட்ட நாற்றுக் கொத்துகளில்) உள்ள தூர்களை எண்ணி, நூற்றுக்குப் பத்து அப்படி இருந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும்; யூரியா தரும் தழைச்சத்தை ஒரேயடியாகக் கொட்டினால் ஈ இன்னும் பெருகும் என்று காரணத்தோடு எழுதியிருந்தது. அந்த 19 பேருக்கும் சேர்த்து 38 புள்ளி, இவருக்கு 2. நெல் கொள்முதல் நிலையத்தில்கூட 40 கிலோ சிப்பங்களை எண்ணுவதோடு விட்டுவிடுவதில்லை. ஈரமும் பதரும் பார்க்கிறார்கள்.

குடமுருட்டி:
ஐயாவின் ஆதங்கம் புரிகிறது. ஆனால் கொள்முதல் நிலையத்தில், ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிட்டதா என்று சொல்ல ஒரு கருவி இருக்கிறது (அந்தக் கருவியோடும் நமக்கு ஆண்டுதோறும் சண்டைதான் என்பது வேறு கதை). பதிலின் தரத்தை அளக்க நம்மிடம் என்ன இருக்கிறது? விருப்பக்குறி ஒன்றுதான், அது தெரிந்த முகத்துக்கும் நீளமாக எழுதுகிறவருக்கும் விழும். கணினி நிரல் எழுதுவோருக்காக 2008இல் தொடங்கிய கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, படிப்பவர்கள் போடும் வாக்கை வைத்தே ஆளை மதிப்பிட்டது. பத்தாண்டு கழித்து, 2018இல், தங்கள் தளம் புதியவர்களை வரவேற்பதாக இல்லை என்று அந்நிறுவனமே எழுத வேண்டியதாயிற்று.

வலங்கைமான் பக்கம் நாலாம் வகுப்போடு நின்ற ஒருவர் கைப்பேசியில் தட்டுத்தடுமாறி ஒரு வரி எழுதுகிறார் என்றால், அந்த 2 புள்ளிதான் அவரை மறுநாளும் எழுத வைக்கிறது. கார்த்திகையில் வயல் மூழ்கிக் கிடக்கும்போது, 'முதலில் வடிகால் வாயை வெட்டிவிடுங்கள்' என்று உடனே வரும் ஒரு வரி, மறுநாள் வரும் எந்தக் கட்டுரையைவிடவும் மேல்.

வெண்ணாறு:
அந்த இருபதாவது பதில் என்னுடையது என்பதால் பேசத் தயங்கினேன். புள்ளி எனக்கு வேண்டாம். விதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

யாகூ ஆன்சர்ஸ் என்ற கேள்வி-பதில் தளம் 2005இல் வந்தபோது அங்கேயும் பதில் எழுதினாலே 2 புள்ளி, சிறந்த பதிலுக்கு 10. கேள்வியைப் படிக்காமலே 'தெரியாது, 2 புள்ளிக்கு நன்றி' என்று எழுதிவிட்டுப் போவது அங்கே ஒரு வழக்கமாகவே இருந்தது. 2021 மே 4 அன்று அதை மூடிவிட்டார்கள். புள்ளிதான் மூட வைத்தது என்று நான் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பழக்கத்தை வளர்த்தது புள்ளிதான். இப்போது நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் எண்ணிக்கையைக் கூட்ட ஆளே தேவையில்லை. சாட்ஜிபிடி எழுதிய பதில்களுக்கு ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரில் தடை போட்டது, பார்வைக்குச் சரியாகத் தோன்றும் தவறான பதில்கள் குவிந்ததால்தான்.

தம்பி கேட்ட கருவி கேள்வி கேட்டவரிடமே இருக்கிறது. அதே ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒரு வாக்குக்கு 10 புள்ளி என்றால், கேட்டவர் ஏற்றுக்கொண்ட பதிலுக்கு 15. ஏற்றுக்கொண்டவருக்கும் 2 உண்டு. அந்த 2தான் எனக்குப் பிடித்த விஷயம், கேட்டவரைத் திரும்பி வரச் செய்கிறதே!

குடமுருட்டி:
நிரல் ஓடுகிறதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும் ஐயா. சம்பாவின் விடை தையில்தான் தெரியும். அதுவரை யார் காத்திருந்து வந்து புள்ளி போடுவார்கள்? கேட்டவர்களில் பாதிப்பேர் நன்றிகூடச் சொல்வதில்லை.

அரசலாறு:
தையில் வந்து போடட்டுமே, என்ன கெட்டுவிட்டது? உடனே விழும் புள்ளிக்குத்தானே உடனே எழுதும் அவசரம் வருகிறது.

கோரையாறு:
அந்தக் கேள்வியைக் கேட்டவள் நான்தான். எனக்காக மகன் தட்டச்சு செய்கிறான்.

முதலில் வந்த பதிலைப் படித்துவிட்டு அன்று சாயங்காலமே அரை மூட்டை யூரியாவை வீசிவிட்டோம். மறுநாள் இரவு வெண்ணாறு ஐயா எழுதியதைப் பார்த்து, விடிந்ததும் தூரைக் கீறினேன். உள்ளே சிவப்பாக ஒரு கூட்டுப்புழு இருந்தது. 10 குத்தில் 112 தூர், அதில் 9 கெட்டிருந்தன. நூற்றுக்குப் பத்துக்குக் கீழே என்பதால் மருந்து அடிக்கவில்லை, அடுத்து வைக்க வேண்டிய யூரியாவையும் பிரித்துத்தான் வைத்தேன். கெட்ட தூரில் கதிர் வரவில்லை, மற்றவை தப்பின. இதை மாசியில் வந்து எழுத நினைத்தேன், ஆனால் ஏழு நாளில் கேள்வியை மூடிவிடுகிறீர்கள். எழுத இடமே இல்லை. நன்றி சொல்லவில்லை என்று யாரோ வருத்தப்பட்டிருக்கிறார்கள், எங்கே சொல்வது?

குடமுருட்டி:
அம்மா, அந்த முதல் பதில் என்னுடையது. படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் பேருந்தில் உட்கார்ந்து எழுதினேன், மன்னிக்க வேண்டும்.

வெள்ளக் காலத்து ஒரு வரிப் பதில்களைப் பற்றி என் கருத்து மாறவில்லை. அவற்றுக்குப் புள்ளி இருக்கட்டும். மற்றக் கேள்விகளை அறுவடை வரை திறந்து வைக்குமாறும், கேட்டவர் வந்து சொன்ன பிறகே புள்ளி சேர்க்குமாறும் நிர்வாகிகளுக்கு நானே எழுதுகிறேன். அந்த ஐப்பசிக் கேள்வியை முதலில் திறக்கச் சொல்கிறேன்.