டைட்டானிக் மாடல் டெக் கலர் – அப்டேட்

போன மாசம் கேட்டிருந்தேன்ல, நிஜத்துல 200-ல ஒரு பங்கு அளவுல (1/200) நான் செய்யுற டைட்டானிக் மாடலோட டெக் (கப்பலோட மேல்தளம்) வெறும் பழுப்பு அட்டை மாதிரி இருக்கு, மரம்னே தோணலன்னு. இப்ப சரியாயிடுச்சுங்க, அவ்ளோ சந்தோஷம்!

தப்பு என்னன்னா பழைய கப்பல் மாதிரி சாம்பல் வாஷ் (ரொம்ப நீர்க்க கரைச்ச பெயின்ட்) போட்டிருந்தேன். வெயிலும் உப்புத்தண்ணியும் வருஷக்கணக்கா பட்டாதான் மரம் நரைக்கும், இது 1912 ஏப்ரல் 10 சவுதாம்ப்டன்ல கிளம்பி 15 விடிகாலையில முழுகின புத்தம்புது கப்பல், பைன் பலகை வெளிர் மஞ்சளாதான் இருந்திருக்கும். அதனால எல்லாத்தையும் அழிச்சுட்டு க்ரீம் கலந்த மஞ்சள்ல பேஸ் அடிச்சேன், அப்புறம் அங்கங்க சில பலகைய மட்டும் மெல்லிசு பிரஷ்ல ஒரு துளி பிரவுன், ஒரு துளி வெள்ளைன்னு ஷேட் மாத்தினேன், அஞ்சு இன்ச் பலகை இந்த ஸ்கேல்ல 0.6 மிமீ சொச்சம்தான்னா பாத்துக்கோங்க, இதுக்கே மூணு ராத்திரி போச்சு ஆனா மொத்த அழகும் இதுலதான் இருக்கு.

பலகை இடுக்குல நிஜத்துல தார் ஊத்தியிருப்பாங்க, அதுக்காக கருப்பு போடாதீங்க, சின்ன ஸ்கேல்ல கோடு போட்ட நோட்டு மாதிரி ஆயிடும். மேட் வார்னிஷ் அடிச்சு நல்லா காயவிட்டு பர்ன்ட் அம்பர் (அடர் பிரவுன்) ஆயில் பெயின்ட்ட ரொம்ப நீர்க்க இடுக்குல விட்டேன், போதும். வார்னிஷ் முதல்லனு சொன்ன அண்ணனுக்கு பெரிய நன்றி. அடுத்து பின்பக்க பூப் டெக், நாளைக்கு ஆரம்பிக்கிறேன்.