ரிலீவிங் கெப்பாசிட்டிக்கு 'மறுகால்' சரியா வருமா?

அண்ணாச்சி, நம்ம கலைச்சொல் அட்டவணைக்கு, சேஃப்டி வால்வோட ரிலீவிங் கெப்பாசிட்டிக்கு நீங்க சொன்ன 'விடுவிப்புத் திறன்' எனக்கு ஒட்டல. விடுவிப்புன்னதும் ஜெயிலும் நிலுவைத்தொகையும்தான் ஞாபகம் வருது. அதவிட, ரெண்டு விஷயத்த அது ஒண்ணா மூடிருது. அழுத்தம் மிஞ்சும்போது வால்வு எவ்வளவு நீராவிய வெளிய தள்ளியாகணும்ங்கது ஒண்ணு, அதால எவ்வளவு தள்ள முடியும்ங்கது இன்னொண்ணு, ஷாப்புல ரெண்டுமே கெப்பாசிட்டிதான், இதுபோக ஸ்டீம் ஜெனரேட்டர் பிளேட்ல குத்தியிருக்கதும் கெப்பாசிட்டி.

நான் தினம் புளியரை செக்போஸ்ட் தாண்டி ஆரியங்காவு வழியா வேலைக்குப் போறவன். முன்னாடி இருந்த கம்பெனில நடந்தத சொல்லுதேன். ஒரு ஸ்டீம் ஜெனரேட்டர், டியூப்ல தெர்மிக் ஆயில் (சூட்டைக் கொண்டுவர எண்ணெய்), அதச் சுத்தி இருக்க ஷெல்லுல தண்ணி, 1 மெகாவாட், அழுத்தம் 10 பார். பிளேட்ல மணிக்கு 1350 கிலோன்னு இருந்துச்சு, அதையே எடுத்து வால்வு வாங்க இண்டெண்ட் (கொள்முதல் சீட்டு) போட்டுட்டாங்க. வால்வு வந்து டேக்கைத் தொடச்சுப் பாத்தா 1400, எல்லாருக்கும் திருப்தி.

ஆனா அந்த 1350, முப்பது டிகிரி தண்ணி உள்ள வந்துகிட்டு இருக்கும்போது உள்ள கணக்கு, அத கொதிக்கிற அளவுக்கு சூடேத்தவே கால்வாசி வெப்பம் போயிரும். ஸ்டீம் லைன் அடைபட்டு, ஃபீட் பம்பும் நின்னு, ஆயில் மட்டும் சுத்திக்கிட்டே இருந்தா, மொத்த வெப்பமும் ஏற்கனவே கொதிக்கிற தண்ணி மேலதான் விழும். அத ஆவியாக்க கிலோவுக்கு ஏறக்குறைய 2000 கிலோஜூல் போதும், அப்ப மணிக்கு 1800 கிலோ! அழுத்தம் 11 பாருக்கு ஏறும்போது கொதிநிலை 184ல இருந்து 188 ஆகி வெப்ப ஓட்டம் கொஞ்சம் குறையும்தான், ஆனா டியூப் புதுசா படிவு இல்லாம இருந்தா டிசைன்ல போட்டதைவிட கூடவே கடத்தும், அதனால அந்தக் குறைவ நம்பி வால்வ சின்னதாக்க முடியாது. கமிஷனிங்குக்கு (ஓட்ட ஆரம்பிக்கதுக்கு) முன்ன கணக்குப் போட்டுப் பாத்ததால தப்பிச்சோம்.

நம்ம பக்கம் குளம் பெருகி மிச்சத் தண்ணி அதுக்குன்னு உள்ள வழில வழிஞ்சா மறுகால் பாயுதுன்னுதான சொல்லுதோம். மறுகால் மட்டம்தான் செட் பிரஷர், வால்வு திறக்க ஆரம்பிக்கிற அழுத்தம். அதுக்கு மேல ஒரு சாண் ஏறினாதான் தண்ணி முழுசா போகும், அது ஓவர்பிரஷர். கரை உச்சிய தொட விடக்கூடாது, ஒத்த வால்வுன்னா அந்த உச்சி டிசைன் அழுத்தத்துல 110 சதவீதம். வரத்து கூடி மறுகால் பத்தலன்னா கரை உடையும். அதனால 'மறுகால் தேவை', 'மறுகால் திறன்'னு ரெண்டு சொல்லா வைக்கலாம். தேவை 1800, திறன் 1400ன்னு பக்கத்துல பக்கத்துல எழுதியிருந்தா ஸ்டோர் பையனே கேட்டிருப்பான்.

---

தம்பி, சொல்லு நல்லாருக்கு. ஆனா மறுகால்ல தண்ணி கொஞ்சங்கொஞ்சமாத்தான் கூடும், நீராவி சேஃப்டி வால்வு அப்படியா, டப்புனு முழுசா தூக்கிரும்லா. திரவத்துக்கு உள்ள ரிலீஃப் வால்வுக்குத்தான் உன் உவமை பொருந்தும். இன்னொண்ணு, கும்மிடிப்பூண்டி ஆளுங்க அதையே கலங்கல்னு சொல்லுவாங்க, மறுகால்னா அவங்களுக்குத் தெரியுமா?

---

திறக்குற விதத்துக்கு நான் பேர் வைக்கல அண்ணாச்சி, போற அளவுக்குத்தான். தேவையும் திறனும் ரெண்டு வகை வால்வுக்கும் உண்டுல்லா. டப்புனு தூக்கறதுக்குத் தனிச் சொல் வேணும்ங்கது சரி, அத அடுத்து எடுப்போம். கலங்கல் விஷயத்துல பிடிவாதம் இல்ல, 'கலங்கல் திறன்'னு வந்தாலும் சந்தோஷம்தான், ஆனா கலங்கல்னா எங்க பக்கம் சேத்துத் தண்ணி, பாய்லர் தண்ணி பேச்சுல அது குழப்பிரும். வரைவு அட்டவணைல மறுகால் தேவை, மறுகால் திறன் ரெண்டையும் கிலோ/மணி போட்டு சேத்துட்டேன், பாத்துச் சொல்லுங்க.