வீட்டு லேத்தில் சுழலும் கருவி: பட்டவர்கள் சொல்கிறோம்

உலோகம் கடையும் லேத்தை நானே செய்து முடித்து இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த ஆசை இது. கடைந்த தண்டைச் சக்கிலிருந்து (அதைக் கவ்விச் சுழற்றும் பிடியிலிருந்து) கழற்றாமலேயே அதன் பக்கவாட்டில் துளையிட வேண்டும், சாவித்தடமும் (சக்கரம் வழுக்காமலிருக்கச் சாவி உட்காரும் பள்ளம்) வெட்ட வேண்டும். கழற்றி வேறொரு இயந்திரத்தில் மாட்டினால் மையம் தவறிவிடுகிறது. அந்தத் தலைவலி தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதற்கு வேலைப்பொருள் நிற்க, கருவி சுழல வேண்டும். கடையும் உளியைப் பிடிக்கும் டூல்போஸ்ட்டை எடுத்துவிட்டு, மரம் செதுக்கும் இயந்திரங்களில் வரும் 800 வாட் ஸ்பிண்டில் (மோட்டாரோடு சேர்ந்த சுழல்தண்டு) ஒன்றை அங்கே மாட்டினேன். நிமிடத்துக்கு 24,000 சுற்று, முனையில் கட்டரைக் கவ்வும் ஈஆர்11 கொலெட். இனி என்ன குறை என்று 6 மி.மீ. எண்ட்மில்லை, அதாவது ஹெச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) கட்டரை, மைல்டு ஸ்டீலில் வைத்தேன். அந்தச் சுற்றில் கட்டரின் விளிம்பு நிமிடத்துக்கு 450 மீட்டர் ஓடும். ஹெச்எஸ்எஸ் தாங்குவதோ 25, 30 மீட்டர். கண்ணெதிரே முனை நீலம் பாரித்து மழுங்கியது.

சரி, வேகத்தை இறக்குவோம் என்று 1,400 சுற்றுக்குக் கொண்டுவந்தேன். கட்டர் இரும்பைத் தொட்டதும் அப்படியே நின்றுவிட்டது. 800 வாட் என்பது 24,000 சுற்றில்தான். இத்தகைய மோட்டாரில் வேகத்தைக் குறைத்தால் முறுக்குவிசை கூடுவதில்லை, வாட்தான் குறைகிறது. 1,400 சுற்றில் என் கையில் இருந்தது 47 வாட். மூன்றாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு. நான் வாங்கிய பிறகு போட்டேன்.

அதன்பின் ஸ்பிண்டிலைத் தனியாகவே கடைந்தேன். மோட்டாரைப் பின்னால் வைத்து, பல் பெல்ட்டில் மூன்றுக்கு ஒன்று என வேகத்தைக் குறைத்தேன். வாட் அப்படியே இருக்க, முறுக்குவிசை மூன்று மடங்காகிறது. பேரிங்குக்கு 7002 ஆங்குலர் கான்டாக்ட் (சாய்வாக வரும் விசையையும் தாங்கும் வகை) ஒரு ஜோடி: உள்விட்டம் 15 மி.மீ., வெளிவிட்டம் 32. இரண்டையும் முதுகோடு முதுகாக வைத்தால் பக்கவாட்டு விசைக்கு ஸ்பிண்டில் தலையாட்டாது. பேரிங்குகளை நெருக்கும் நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். ஆட்டமே கூடாது என்று முழுப்பலத்தோடு இறுக்கி ஓட்டினேன். பத்து நிமிடத்தில் ஸ்பிண்டிலின் உடற்பகுதியில் விரல் வைக்க முடியவில்லை. நட்டைத் தளர்த்தி, ஆட்டம் மறையும் இடத்திலிருந்து துளித்துளியாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் ஓட்டி, தொட்டுப் பார்த்துத்தான் சரியான இடம் கிடைத்தது. வெதுவெதுப்பு இருக்கலாம், சூடு கூடாது. அன்று முழுவதும் வேறு வேலை நடக்கவில்லை.

* * *

நண்பர் கருவியின் பக்கத்தைச் சொல்லிவிட்டார். வேலைப்பொருளின் பக்கம் நான் பட்டதைச் சொல்கிறேன்.

தண்டின் நடுவில் நேராகத் துளையிடும்போது சக் திரும்பப் பெரிதாக முயலாது. மையத்தை விட்டு விலகி மில்லிங் செய்தால் (சுழலும் கட்டரால் பக்கவாட்டில் சீவினால்) கட்டர் சக்கையே பிடித்து இழுக்கும். நான் லேத்தின் பிரதான ஸ்பிண்டிலின் (சக்கைச் சுழற்றும் தண்டின்) வாலில் 60 பல் கியர் ஒன்றை மாட்டி, பல்லிடுக்கில் இறங்கும் ஒரு முளையை வைத்தேன். 2, 3, 4, 5, 6 எனப் பகுக்க 60 நல்ல எண். அறுகோணத் தலை ஒன்று வெட்டினேன். அளவில் ஆறு பக்கமும் சரி. ஒளியில் திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு பக்கத்திலும் நெல் வயல் வரப்பு போல வரிவரியாக அலை! முளைக்கும் பல்லுக்கும் நடுவே இருந்த தலைமுடி அளவு இடைவெளி போதும், சக் முன்னும் பின்னும் துடிக்க.

முளை எண்ணுவதற்கு மட்டுமே, பிடிப்பதற்கு வேறு வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. இப்போது ஸ்பிண்டிலைச் சுற்றிப் பிளவுபட்ட வளையம் ஒன்று, அதை நெரிக்க ஒரு கைப்பிடி. பிடி நன்றாக இருக்கிறது. மிக நன்றாகவே இருக்கிறது என்பது, நெரித்ததை மறந்து லேத்தை முடுக்கிய நாளில் தெரிந்தது; ரப்பர் கருகும் நாற்றம் கூடத்தைவிட்டுப் போக நெடுநேரமானது. கைப்பிடி நெரித்திருக்கும்வரை பிரதான மோட்டாருக்கு மின்சாரம் போகாதபடி இப்போது ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறேன். இதைச் செய்யாமல் யாரும் ஓட்ட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்வேன். அன்று போனது பெல்ட். கருவி சுழலும்போது சக்கும் சுழன்றால் பறப்பது கட்டரின் துண்டுகள்.

* * *

என்னுடையது சிறிய கதை. பறக்கும் பொம்மைகளுக்கான பிரஷ்லெஸ் மோட்டாரை வைத்தேன், வெளிக்கூடு சுழலும் வகை. கையளவுதான், ஆனால் வலு அபாரம். அதன் உட்சுவரில் வரிசையாகக் காந்தங்கள் இருப்பதை யோசிக்கவே இல்லை. மூன்றாவது துளையில் கரகரவென்று ஒரு சத்தம். பிரித்தால் காந்தத்தின் மேல் இரும்புத்துகள் கம்பளிப் பூச்சியின் மயிர் போலச் சிலிர்த்து நிற்கிறது. ஊதினால் போகவில்லை, தூரிகைக்கும் அசையவில்லை. ஒட்டும் டேப்பைத் துண்டு துண்டாக ஒற்றியெடுத்து ஒரு மாலை கழிந்தது. இப்போது மோட்டாரை மேலே தூக்கி மூடிய பெட்டிக்குள் வைத்துவிட்டேன், பெல்ட் மட்டும் கீழே இறங்குகிறது. பெட்டிக்குள் காற்று போகாததால் மோட்டார் சூடாகிறது. நான்கு துளைக்கு ஒருமுறை நிறுத்திக்கொள்கிறேன்.